ஏட்டுத் தூரமும் மேட்டுத் தூரமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மின்சார மோட்டார் வண்டி. 'இவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று பழைய மாணவர் பலர் வியப்புறலாம். சொல்லுக்குப் பொருள் காண்பதும் தொடருக்கு உரை காண்பதும் தமிழாசிரியன் தொழில். 'ஒருமுறை மின்னேற்றினால் இத்தனை கிலோமீற்றர் ஓடும்' என்னும் தொடர் இன்று விளம்பரங்களிலெல்லாம் காணப்படுகின்றது. அத்தொடருக்குச் சரியான உரை தெரியாமையால் எமது நண்பர் ஒருவரும், அவருடைய வயது முதிர்ந்த அன்னையாரும், நாமும் ஓரிரவு மலைப்பாதையில் நின்று வருந்த நேர்ந்தது. அன்று கற்றதை இன்று இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டிலே பெற்றோலுக்கும் டீசலுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். அவ்வரிசையில் நின்று சலித்தவர்களுள் எமது நண்பரும் ஒருவர். நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் எம்முடன் கற்பிப்பவர். வரிசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பழைய மின்வண்டியொன்றை அவர் வாங்கினார். அது யப்பான் நாட்டு நிசான் லீஃப். 2014, 2015ஆம் ஆண்டுகளில் இவ்வகை வண்டிகள் இலங்கைக்கு ஆயிரக்கணக்கில் வந்தன. விற்றவர், 'புதிதாய் இருந்தபோது 200 கிலோமீற்றர் ஓடிய வண்டி. இப்போது 120ஆவது ஓடும்' என்றார். நுவரெலியாவிலிருந்து கண்டிக்குச் சுமார் 75 கிலோமீற்றர். 75 என்பது 120இலும் குறைவு என்பதை அறியக் கணித ஆசிரியர் வேண்டியதில்லை. ஆகவே அன்னையாரைக் கண்டியிலுள்ள கண் மருத்துவரிடம் காட்டிவரப் புறப்பட்டபோது நண்பர் சிறிதும் ஐயுறவில்லை. துணைக்கு எம்மையும் அழைத்தார்.

விடியற்காலையிற் புறப்பட்டோம். வண்டி ஓசையின்றி இறங்கிற்று. கண்டியை அடைந்தபோது, இன்னும் 110 கிலோமீற்றர் ஓடலாம் என்று வண்டியின் முகப்பிலிருந்த காட்டி தெரிவித்தது. 75 கிலோமீற்றர் வந்தபின்னும் 110 எஞ்சியிருக்கின்றது! நண்பர் முகம் மலர்ந்தது. கண்டியில் மின்னேற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தும், 'வீண் தாமதம் எதற்கு?' என்று பிற்பகலில் வண்டியைத் திருப்பினார். கம்பளை வரை குறையொன்றுமில்லை. கம்பளையைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும், காட்டியிலுள்ள எண் பாதையிலுள்ள கிலோமீற்றர்க் கற்களைவிட விரைவாக ஓடலாயிற்று. ஒரு கிலோமீற்றர் ஏறினால் அங்கே மூன்று குறைந்தது. புசல்லாவையைத் தாண்டிச் சில கிலோமீற்றர் சென்றபின், றம்பொடையை அடையுமுன், மாலை ஆறரை மணியளவில், பனிமூட்டத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டது.

வழியோரத் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் இரக்கமுற்றுத் தம் கடையின் மின்செருகியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ள இடமளித்தார். வீட்டுச் செருகியில் மின்னேற்றுதல் குடத்தைத் துளித்துளியாக நிரப்புவது போன்றது. ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். கண்ணுக்கு மருந்திட்ட அம்முதியவர் போர்வை போர்த்துக்கொண்டு கடை வாங்கிலிலே அமர்ந்திருந்தார். மகன் மன்னிப்புக் கேட்கும் குரலில் 110 என்றும் 75 என்றும் கணக்குச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அவ்வம்மையார் எம்மை நோக்கி, "ஏறுற மைலும் எறங்குற மைலும் ஒண்ணா தம்பி? கூடையோட மலை ஏறினவளுக்குத் தெரியாதா?" என்றார். பின்னர் நாம் படித்தறிந்த விஞ்ஞானமெல்லாம் அவ்வொரு வாக்கியத்துக்கு விரிவுரையே. நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் வீடு சேர்ந்தோம்.

இனி அவ்விரிவுரைக்கு வருவோம். முதலிலே, '200 கிலோமீற்றர்' என்னும் எண் எங்கே பிறக்கின்றது என்பதைக் காணவேண்டும். அது தெருவிற் பிறப்பதன்று. சோதனைச் சாலையிற் பிறப்பது. வண்டியை ஓர் அறையினுள்ளே நிறுத்தி, அதன் சக்கரங்களை உருளைகளின்மீது ஏற்றுவர். சக்கரம் சுழல, உருளையும் சுழலும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தெருவில் உண்டாகும் காற்றுத் தடைக்கும் சில்லுகளின் உராய்வுக்கும் ஈடாக உருளைக்கு ஒரு தடையைக் கொடுப்பர். பின்னர், இந்த நொடியில் இந்த வேகம், அடுத்த நொடியில் இந்த வேகம் என வகுத்த அட்டவணைப்படி ஓட்டுவர். எல்லா வண்டிகளுக்கும் ஒரே அட்டவணை. பரீட்சையில் எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பது போன்றதே இது. வண்டியோடு வண்டியை ஒப்பிட இம்முறை பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் வினாத்தாள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. யப்பானில் 'ஜே.சி. 08' எனப்பட்ட பழைய அட்டவணையில் உச்ச வேகம் மணிக்கு 82 கிலோமீற்றருக்கு மேற்படவில்லை. சராசரி வேகம் 24 மாத்திரமே. ஐரோப்பாவில் வழங்கிய 'என்.ஈ.டி.சி.' என்னும் பழைய அட்டவணை 11 கிலோமீற்றர் கொண்டது. இருபது நிமிடத்தில் முடிவது. சராசரி வேகம் சுமார் 34. அங்கே 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த 'டபிள்யூ.எல்.டி.பி.' என்னும் புதிய அட்டவணை 23 கிலோமீற்றரும் முப்பது நிமிடமும் கொண்டது. உச்ச வேகம் 131, சராசரி 46. அமெரிக்காவிலோ, சோதனைச் சாலையிற் கிடைத்த எண்ணைப் பொதுவாக 0.7ஆற் பெருக்கிக் குறைத்து, அவ்வாறு குறைத்த எண்ணையே வாங்குவோருக்குக் காட்டுவர்.

இதன் பயனைக் காணுங்கள். 2010ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் லீஃப் வண்டியின் மின்கலவடுக்கு 24 கிலோவாற்று மணி கொள்ளளவுடையது. கிலோவாற்று மணி என்பது வேறொன்றுமன்று. நம் வீட்டு மின்பட்டியலில் 'ஓர் அலகு' எனக் குறிக்கப்படுவதே. இக்கட்டுரையிலும் அலகு என்றே வழங்குவோம். 24 அலகு கொள்ளும் அவ்வண்டி யப்பானில் 200 கிலோமீற்றர் ஓடும் என்றும், ஐரோப்பாவில் 175 கிலோமீற்றர் ஓடும் என்றும், அமெரிக்காவில் 73 மைல், அஃதாவது 117 கிலோமீற்றர் ஓடும் என்றும் அறிவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் வந்த 40 அலகு வண்டிக்கு யப்பானின் பழைய முறைப்படி 400, ஐரோப்பாவின் பழைய முறைப்படி 378, புதிய முறைப்படி 270, அமெரிக்காவில் 243. வண்டி ஒன்றே. 400 என்பதும் 243 என்பதும் ஒரே வண்டியைப் பற்றிய கூற்றுக்களே. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் தன் வினாத்தாளுக்கு உண்மையான விடை. யப்பானில் இறங்கிய வண்டியை யப்பானின் எண்ணோடு நாம் வாங்கினோம். அவ்வெண் நம் தெருவைப் பற்றியது என்று கருதினோம். பிழை அங்கேதான் நேர்ந்தது.

இந்தப் பிழை நம்மவரோடு நின்றதன்று. இந்தியாவிலே டாட்டா நிறுவனத்தின் நெக்சன் மின்வண்டிக்கு 312 கிலோமீற்றர் என அங்குள்ள சோதனை முறைப்படி சான்று வழங்கப்பட்டிருந்தது. 200 கிலோமீற்றர்கூட ஓடவில்லை என்று வாங்கியவர் ஒருவர் முறையிட, 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தில்லி அரசு அவ்வண்டிக்குரிய உதவுதொகையை இடைநிறுத்தியது. பின்னர் தில்லி உயர்நீதிமன்றம் அவ்விடைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. சான்று வழங்கிய முறைப்படி எண் சரியானதே. தெருவிற் கண்டதும் சரியானதே. அந்நிறுவனமே பிற்காலத்தில் இரண்டு எண்களை அறிவிக்கத் தொடங்கியது. 45 அலகு கொள்ளும் நெக்சன் வண்டிக்குச் சோதனை முறை எண் 489 என்றும், வாங்குவோருள் நூற்றுக்கு எழுபத்தைவர் நடைமுறையில் எதிர்பார்க்கத்தக்கது 350 முதல் 370 வரை என்றும் கூறிற்று. இது நேர்மையான வழக்கம், பிறரும் பின்பற்றத்தக்கது. தென் கொரியாவில் நியாய வாணிப ஆணைக்குழு, குளிர் காலத்தில் ஓடுதூரம் பெரிதும் குறைவதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2023ஆம் ஆண்டு சனவரியில் டெஸ்லா நிறுவனத்துக்கு 285 கோடி வொன் தண்டம் விதித்தது.

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று நோர்வேயிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அவர்களுக்குக் குளிரின் கொடுமை நன்கு தெரியும். 2024ஆம் ஆண்டில் நோர்வேயில் விற்ற புதிய கார்களுள் நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கு மேற்பட்டவை மின்வண்டிகள். அங்குள்ள மோட்டார் வண்டிக்காரர் சங்கம் 2020ஆம் ஆண்டு மாரிகாலத்தில் இருபது மின்வண்டிகளை மெய்யான பாதையில், மின்கலம் வற்றும் வரை ஓட்டிப் பார்த்தது. அவை அறிவிக்கப்பட்ட தூரத்திலும் சராசரியாக நூற்றுக்குப் பதினெட்டரை பங்கு குறைவாகவே ஓடின. குளிரில் மின்கலத்தின் உள்ளே நிகழும் இரசாயன மாற்றம் மந்தமடைகின்றது. வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கவும் அதே மின்கலத்திலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். பெற்றோல் வண்டியில் எஞ்சினின் வீண் வெப்பமே அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. நுவரெலியாவின் குளிர் நோர்வேக் குளிர் அன்று. எனினும் சனவரி, பெப்ரவரி மாத விடியற்காலைகளில் நம்மவரும் கண்ணாடியின் பனிநீரைப் போக்கச் சூடேற்றியை முடுக்கத்தான் வேண்டியிருக்கின்றது.

ஆயினும் நமக்குத் தலையாய காரணம் குளிரன்று, மலை. மேலே எண்ணிய அட்டவணைகளை மறுபடியும் நோக்குங்கள். அவற்றில் வேகம் உண்டு, தரிப்பு உண்டு, நேரம் உண்டு. ஏற்றம் என்ற ஒன்று இல்லை. உருளைகள் சமதளத்தையே பாவனை செய்கின்றன. யப்பானின் எண்ணும் ஐரோப்பாவின் எண்ணும் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும், மலையை மறந்ததில் இரண்டும் ஒன்றே. அட்டன் பாதையையும் றம்பொடைக் கணவாயையும் அறியாத எண்ணை வைத்துக்கொண்டு அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வழி பார்ப்பது, ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு அரிவது போன்றதாகும்.

ஏற்றத்தின் விலையைக் கணக்கிடுவது கடினமன்று. உயர்தர வகுப்பு மாணவர் எவரும் செய்வர். எடையை ஈர்ப்பினாலும் உயரத்தினாலும் பெருக்கினால் வேண்டிய சக்தி கிடைக்கும். ஒரு தொன் எடையை 100 மீற்றர் உயர்த்துவதற்கு 0.27 அலகு வேண்டும். லீஃப் வண்டியின் எடை ஏறக்குறைய ஒன்றரைத் தொன்; மூவர் ஏறினால் 1.65 தொன் அளவாகும். இவ்வண்டியை 100 மீற்றர் உயர்த்த 0.45 அலகு, மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அரை அலகுக்குச் சற்று மேல். சமதரையில், மணிக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் வேகத்தில், இவ்வண்டி 100 கிலோமீற்றருக்குச் சுமார் 14 அலகு செலவழிக்கும் எனக் கொள்வோம். ஆகவே 100 மீற்றர் ஏறுவதற்கு ஆகும் செலவு, சமதரையில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் ஓடுவதற்கு ஆகும் செலவாகும்.

இறங்கும்போது நடப்பது என்ன? இங்கேதான் மின்வண்டியின் சிறப்பு உளது. இறக்கத்தில் அதன் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, உருண்டோடும் வண்டியின் சக்தியை மின்சாரமாக்கி மீண்டும் மின்கலத்திற் சேர்க்கின்றது. மலையகத்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம் மலைகளிலிருந்து விழும் நீரை மின்சாரமாக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965ஆம் ஆண்டில் காசல்ரீ நீரைக்கொண்டு நோட்டனில் அமைந்த மின்நிலையம் அவர் பெயரையே தாங்கியது. 2012ஆம் ஆண்டில் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் நிறைவேறிற்று. உயரத்திலுள்ள நீர் சேமித்து வைத்த சக்தி. அவ்வாறே உயரத்திலுள்ள வண்டியும் சேமித்து வைத்த சக்தி. நீர் இறங்கினால் லக்சபான. வண்டி இறங்கினால் அதன் வயிற்றுக்குள்ளே ஒரு சிறு லக்சபான.

ஆனால் கொடுத்தது முழுவதும் திரும்பி வருவதில்லை. ஏறும்போதும் இழப்பு, இறங்கும்போதும் இழப்பு. வளைவுகளிலே சாதாரண பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஒரு பங்கு வெப்பமாய்ப் போய்விடும். நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து பங்கு மீளும் எனக் கொண்டால், 100 மீற்றர் இறங்குவதற்கு ஏறக்குறைய 2 கிலோமீற்றர் ஓடத்தக்க மின்சாரம் மீளும். இவற்றைக்கொண்டு நாம் ஒரு வாய்ப்பாடு அமைத்துக்கொண்டோம். பாதையின் தூரத்தை எழுதுக. ஏறும் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 4 கூட்டுக. இறங்கும் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 2 கழிக்க. வருவதே மேட்டுத் தூரம். வண்டி இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையதாயின், நான்கை ஐந்தாக்குக. நுண்ணிய கணக்கன்று, ஆயினும் இரவில் வழியில் நில்லாதிருக்கப் போதியது.

அன்றைய பயணத்தை இவ்வாய்ப்பாட்டில் இட்டுப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டி 500 மீற்றரை ஒட்டியது. வேறுபாடு சுமார் 1400 மீற்றர். இறங்கும்போது 75இல் 28ஐக் கழித்தால் 47. திரும்ப ஏறும்போது 75உடன் 56ஐக் கூட்டினால் 131. ஒரே பாதை; ஒரே வண்டி; காலையில் 47, மாலையில் 131! நண்பருடைய வண்டி பழையதாகையால் அதன் மின்கலத்தில் எடுத்தாளத்தக்கது 16 அலகளவே. அது சமதரையில் 114 கிலோமீற்றருக்குப் போதும். விற்றவர் சொன்ன 120க்கு அது வெகு தூரமன்று. ஆனால் முழுமையாக மின்னேற்றியிருந்தாலும் அவ்வண்டி கண்டியிலிருந்து ஒரே மூச்சில் நுவரெலியாவை அடைந்திராது. கம்பளையிலோ புசல்லாவையிலோ நின்று மின்னேற்றியே தீரவேண்டும். இவ்வுண்மையை அறிய நமக்கு வேண்டியிருந்தது ஒரு கூட்டற் கணக்கு மாத்திரமே.

அவ்வாறாயின், முகப்புக் காட்டி 110 என்று கூறியது ஏன்? காட்டிக்கு வருங்காலம் தெரியாது. சற்றுமுன் ஓடிய பாதையில் எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பதைக் கொண்டே, எஞ்சியது எவ்வளவு தூரத்துக்குப் போதும் என்று அது கூறுகின்றது. இறக்கத்தில் வந்த வண்டி, இனிமேலும் இறக்கமே என்று எண்ணிக்கொள்கின்றது. செல்லுமிடத்தைக் கேட்டு ஏற்றத்தையும் கணக்கிடும் புதிய வண்டிகள் இன்று உள. பழைய வண்டிகளில் அவ்வசதி இல்லை. ஆகவே மலையுச்சியிலிருந்து இறங்கி வந்தவன் காட்டியை நம்புதல் ஆகாது. எஞ்சிய மின்சாரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் பார்த்துத் தானே கணக்கிடல் வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர்க்கு மற்றொரு செய்தி. மின்கலவடுக்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவில் தேயும். பழைய லீஃப் வண்டியில் மின்கலத்தைக் குளிர்விக்கத் தனி அமைப்பு இல்லாமையால், கொழும்பு போன்ற வெப்பமான இடங்களில் இத்தேய்வு விரைவாக நிகழும். அதன் முகப்பில் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் உள. ஒரு கோடு மறைந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கே போயிற்று எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. முதற் கோடு மறையும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்கு போயிருக்கும். அதன்பின் மறையும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறே கால் பங்கு. ஒன்பது கோடுகள் எஞ்சிய வண்டியில், முதலிருந்த கொள்ளளவில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கே உண்டு. நண்பருடைய வண்டியில் ஒன்பது கோடுகளே இருந்தன. விலை பேசுமுன் கோடுகளை எண்ணுங்கள்.

மலைப்பாதை முற்றிலும் பகையன்று என்பதையும் நடுநிலை கருதிக் கூறவேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. தென்பகுதி அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் மின்வண்டி காற்றோடு பொருதே பெரும்பங்கு சக்தியை இழக்கின்றது. வளைவு நெளிவான நம் பாதைகளில் முப்பது, நாற்பதுக்கு மேல் ஓடமுடியாமையால் அவ்விழப்பு மிகச் சிறிது. கொழும்பின் புழுக்கத்தில் இடைவிடாது இயங்கும் குளிரூட்டியும் இங்கே வேண்டியதில்லை. ஏறி இறங்கித் திரும்பும் ஒரு முழுப் பயணத்தில், 100 மீற்றருக்கு மிகைச் செலவு 2 கிலோமீற்றரளவே. ஆகவே, மலையில் வாழ்வோருக்கு மின்வண்டி ஆகாது என்பது எம் கருத்தன்று. கணக்கறிந்து ஓட்டினால் ஆகும் என்பதே எம் கருத்து.

அக்கணக்கோடு சேர்ந்த சில நடைமுறைகளையும் இங்கே குறித்தல் நலம். மலையுச்சியிலிருந்து இறங்கப் புறப்படுவோர் மின்கலத்தை நிரம்பி வழிய நிரப்பலாகாது. நிறைந்த குடம் நீரேற்காதது போல, நிறைந்த மின்கலம் இறக்கத்தில் மீளும் மின்சாரத்தை ஏற்காது. பத்துப் பங்கேனும் இடம் விட்டுப் புறப்படுக. கீழிருந்து ஏறுவோர் அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்க. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக அட்டனுக்கு வருவோர், அட்டன் சுமார் 1270 மீற்றர் உயரத்தில் இருப்பதை நினைந்து, வழித்தூரத்தோடு ஏறக்குறைய 50 கிலோமீற்றரைக் கூட்டிக்கொள்க. அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்வோர், பாதை முதலில் தலவாக்கலைக்குத் தாழ்ந்து பின்னரே நானுஓயாவை நோக்கி உயர்கின்றது என்பதை மறவாதிருக்க. நீலகிரியிலும் இதே கதை. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாத்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்று கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிற் குடியேறிய நம் உறவினர் பலர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குப் பாதை ஐம்பது கிலோமீற்றரளவே. ஏற்றமோ ஏறக்குறைய 1900 மீற்றர். மேட்டுத் தூரம் 126 ஆகும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன்பின்னர்ச் சீன நாட்டு மின்வண்டிகள் பல வந்துள்ளன. சீனாவின் சோதனை அட்டவணையோ சராசரி 29 கிலோமீற்றர் வேகமுடையது. ஆகவே அங்கு பிறக்கும் எண்கள் பெரியனவாகவே இருக்கும். 400 என்றும் 500 என்றும் விளம்பரங்கள் கூறும்போது, வாங்குவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்வெண் எந்நாட்டுச் சோதனை முறைப்படி வந்தது? மின்கலத்தில் எடுத்தாளத்தக்க அலகு எத்தனை? ஆட்களோடு வண்டியின் எடை எத்தனை தொன்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், நான்காவது வினாவுக்கு, அஃதாவது 'என் வீட்டுக்கு இது வந்து சேருமா?' என்பதற்கு விடையை நாமே காணலாம். வண்டியை விற்போர் மலைப்பாதைக்கென ஓர் எண்ணைத் தனியாக அறிவித்தல் அவர்தம் கடமையென நாம் கருதுகின்றோம். நாட்டுக்கு மின்சாரத்தையும் தேயிலையையும் தரும் மலைக்கு, அவள் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் எண்ணையேனும் தருதல் நியாயம் அன்றோ?

நிறைவாக எம் கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். எண்ணைக் கண்டவுடன் வணங்குதலும் தவறு. எண் பொய் என்று எறிதலும் தவறு. அவ்வெண் எங்கே, எவரால், எந்நிலையில் அளக்கப்பட்டது என்று கேட்பதே கல்வி. பரீட்சைப் புள்ளி மாணவனின் முழு வாழ்வன்று என்று நாம் வகுப்பறையிற் பலகாற் கூறியதுண்டு. சமதரையில் முதல் வகுப்புப் பெற்றவன் மேட்டில் திணறலாம்; மேட்டில் வளர்ந்தவன் எங்கும் செல்வான். விழா ஆண்டில் நம் கல்லூரி விஞ்ஞான மன்றத்தார், மலையகப் பாதைகளின் உயரங்களை ஊர் ஊராகக் குறித்து, 'மேட்டுத் தூர' அட்டவணை ஒன்றைத் தயாரித்துப் பாடசாலைகளுக்கும் சாரதிகளுக்கும் வழங்கினால், அது இம்மலரினும் நீடித்து மணக்கும் தொண்டாகும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களும் தத்தம் அனுபவங்களை எழுதி உதவலாம்.

எமது நண்பர் அவ்வண்டியை விற்கவில்லை. மேட்டுத் தூர வாய்ப்பாட்டைச் சிறு தாளில் எழுதி, முகப்புக் காட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கின்றார். இப்போது அன்னையாரைக் கண்டிக்கு அழைத்துச் செல்லும்போது, மருத்துவரிடம் காத்திருக்கும் நேரத்திலேயே வண்டிக்கும் மின்னேற்றிவிடுகின்றார். திரும்பும் வழியிற் புசல்லாவையில் மறுமுறையும் நிறுத்துகின்றார். அம்மையார் அங்கே ஒரு கோப்பைத் தேநீர் அருந்துகின்றார். இருட்டுமுன் வீடு சேர்கின்றனர். கல்லூரித் தாய் நீடு வாழ்க!